'மேடம்' என்று எழுதினால் குப்பை மடலா?

பால் கிரஹாம் என்ற நிரலாளர் 2002 ஆகஸ்டில் தன்னுடைய இணையதளத்தில் ஒரு கட்டுரை போட்டார். தலைப்பு 'எ பிளான் ஃபார் ஸ்பாம்'. ஸ்பாம் என்றால் கேட்காமலே வந்து குவியும் குப்பை மடல். தமிழ் இணையத்தில் சிலர் இதற்கு 'எரிதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரஹாம் செய்த வேலை கேட்பதற்கு ரொம்ப எளிது. தனக்கு வந்த குப்பை மடல்கள் சுமார் 4,000, நல்ல மடல்கள் சுமார் 4,000 என்று இரண்டு குவியல் போட்டார். எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று கணினியை எண்ணச் சொன்னார். அந்தக் கணக்கிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண். 1-ஐ நெருங்கினால் குப்பையின் அடையாளம், 0-ஐ நெருங்கினால் நல்ல மடலின் அடையாளம்.

அவர் உதாரணமாகக் கொடுத்த பட்டியலில் ஒரு சொல் இருக்கிறது. 'மேடம்'. அதன் மதிப்பெண் 0.99.

காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கும் குப்பை மடல்கள் அவருக்கு அவ்வப்போது வரும். ஆனால் அவருடைய நண்பர்களோ உடன் வேலை செய்பவர்களோ எழுதும் மடல்களில் 'மேடம்' என்ற சொல் வந்ததே இல்லை. எனவே அது வந்தாலே சந்தேகம்தான். 'ரிபப்ளிக்' என்ற சொல்லுக்கும் அதே 0.99. நைஜீரிய மோசடி மடல்களில் அது அடிக்கடி வருவதால் கிடைத்த மதிப்பெண் அது.

இப்போது இந்தியாவில் ஏதாவது ஒரு அலுவலகத்தின் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள். 'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' இல்லாமல் ஒரு கடிதம் தொடங்குமா? லீவ் லெட்டரிலிருந்து டெண்டர் வரைக்கும் அதுதான் முதல் வரி. கிரஹாமின் மதிப்பெண் பட்டியலை அப்படியே தூக்கி இங்கே வைத்தால், மரியாதையாக எழுதிய ஒவ்வொருவரும் முதல் வரியிலேயே சந்தேக வளையத்துக்குள் வந்துவிடுவார்கள்.

இது கிரஹாமின் தவறு இல்லை. உண்மையில் அவர் சொல்ல வந்ததே இதுதான். பட்டியல் ஊருக்குப் பொதுவாக இருக்கக்கூடாது, ஒவ்வொருவருடைய மடல்களிலிருந்தும் தனித்தனியாக உருவாக வேண்டும். வடிகட்டி ஒருவருடைய கணினியில், அவருடைய மடல்களைப் படித்து வளர வேண்டும். இதற்கு மெயில் சர்வர் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இது.

சர்வர் இல்லாதவர்களின் நிலைமை

ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் ஒருவர், ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன்கள் இரண்டு பேர், கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர். ஆபீஸ் பெயரில் ஒரு டொமைன் வாங்கியிருக்கிறார்கள். அதோடு ஹோஸ்டிங் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மின்னஞ்சல் பெட்டிதான் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. முகவரி வெப்சைட்டிலும் இருப்பதால் முகவரி பொறுக்கும் நிரல்கள் அதை எப்போதோ எடுத்துப் போய்விட்டன. காலையில் திறந்தால் நல்ல மடல் பத்து, குப்பை நூறு.

'சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தலாமே' என்று கணினி தெரிந்த யாராவது யோசனை சொல்வார்கள். ஆனால் பாருங்கள், மெயில் சர்வர் என்பது இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டிய கடை. மாறாத ஐ.பி. முகவரி வேண்டும். வீட்டு இணைய இணைப்புகளில் மடல் அனுப்பும் 25-ஆம் எண் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. புதிய சர்வரிலிருந்து போகும் மடல்களைப் பெரிய நிறுவனங்கள் சட்டென்று நம்புவதில்லை. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆபீஸுக்கு இது தேவையில்லாத தலைவலி.

அப்படியானால் அவர்கள் எங்கே நின்று வடிகட்டலாம்? அதற்கு மடல் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுப்புபவரின் சர்வர் பெறுபவரின் சர்வரைக் கூப்பிட்டு மடலைக் கொடுக்கிறது. அதற்கான மொழி எஸ்.எம்.டி.பி. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821-ல் அது வரையறுக்கப்பட்டது. மடல் பெறுபவரின் சர்வரில் ஒரு பெட்டியில் விழுகிறது. பிறகு அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள் பாப் அல்லது ஐமேப் முறையில் அந்தப் பெட்டியைத் திறந்து படிக்கிறது. சர்வர் இல்லாதவருக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. மடல் பெட்டியில் விழுந்த பிறகுதான் அவருடைய ஆட்சி தொடங்குகிறது.

திருப்பி அனுப்ப முடியாத கடிதம்

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தபால்காரர் ரிஜிஸ்டர் தபாலை நீட்டும்போது வாங்க மாட்டேன் என்று சொல்லலாம். அவர் 'வாங்க மறுத்தார்' என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். எழுதியவருக்குத் தன் கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும். மெயில் சர்வர் செய்வதும் அதுதான். மடலைக் கொடுக்க வரும்போதே 550 என்ற எண்ணைச் சொல்லி மறுக்கலாம். அனுப்பியவர் உண்மையான ஆளாக இருந்தால் 'உங்கள் மடல் சேரவில்லை' என்ற தகவல் அவருக்குப் போகும். போன் போட்டாவது கேட்பார்.

வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்ட கடிதத்துக்கு அந்த வழி கிடையாது. சர்வர் ஏற்கனவே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஆபீஸ் கணினியிலுள்ள வடிகட்டி ஒரு மடலைக் குப்பை என்று ஒதுக்கினால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. பெறவேண்டியவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் மற்றவர் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு காலத்தில் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மடல் சேராததுபோல ஒரு போலிப் பதிலை மென்பொருளே அனுப்பிவிடும். ஆப்பிளின் மெயில் மென்பொருளில்கூட 'பவுன்ஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. 2011-ல் வந்த லயன் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் நல்லதுதான். குப்பை மடலில் உள்ள அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். 1982-ன் எஸ்.எம்.டி.பி. அனுப்புநர் யார் என்று சரிபார்க்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். ஆகவே திருப்பி அனுப்பிய பதில் போய்ச் சேர்வது ஏதோ ஒரு அப்பாவியின் பெட்டிக்கு. அதாவது குப்பையை எதிர்த்துப் போராடுகிறேன் என்று இன்னொருவர் வாசலில் குப்பை கொட்டுவது.

எனவே சர்வர் இல்லாதவர் வடிகட்டி அமைக்கும்போது முதல் விதி இதுதான்: எதையும் தானாக அழிக்க விடக்கூடாது. ஒதுக்கி வைக்கலாம், அடையாளம் போடலாம், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தலாம். அழிப்பது மனிதனின் வேலை.

வடிகட்ட நான்கு இடங்கள்

முதல் இடம், பெட்டியைக் கொடுத்த கம்பெனியின் சர்வரிலேயே இருக்கிறது. சர்வர் நமதில்லை என்றாலும் அதிலுள்ள சில திருகுகள் வாடிக்கையாளரின் கையில் இருக்கும். சாதாரண ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகையில் 'ஸ்பாம் அசாசின்' என்ற வடிகட்டியை இயக்கும் வசதி இருப்பது வழக்கம். ஜஸ்டின் மேசன் 2001-ல் வெளியிட்ட மென்பொருள் அது, பிறகு அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. நூற்றுக்கணக்கான விதிகள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு விதியிலும் மடல் மாட்டும்போது புள்ளிகள் கூடும், சில விதிகளில் குறையும். மொத்தம் 5-ஐத் தொட்டால் குப்பை என்பது அதன் வழக்கமான எல்லை. அந்த எல்லையை மாற்றலாம். அங்கேயே 'தானாக அழி' என்றும் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொடாமல் விடுவது நல்லது. சில கம்பெனிகள் 'சீவ்' என்ற விதிமொழியையும் தருகின்றன. இன்னார் மடலை இந்த ஃபோல்டரில் போடு என்று எழுதி வைத்தால், ஆபீஸ் கணினி அணைந்திருந்தாலும் சர்வர் அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது இடம், மடல் படிக்கும் மென்பொருள். தண்டர்பேர்டில் கிரஹாம் சொன்ன வகையைச் சேர்ந்த, கற்றுக்கொள்ளும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. கணக்கின் அமைப்புகளில் குப்பை மடல் பகுதியில் அதை இயக்கினால் போதும். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் மடலைக் குப்பையாக்காதே என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. சர்வரில் ஸ்பாம் அசாசின் போட்ட முத்திரையை நம்பு என்றும் சொல்லலாம். குப்பை மடலுக்கு அது போடும் அடையாளம் ஒரு தீச்சுவாலை. 'எரிதம்' என்று பெயர் வைத்தவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் :-)

மூன்றாவது இடம், இரண்டுக்கும் நடுவில். சர்வருக்கும் மடல் மென்பொருளுக்கும் இடையே உட்காரும் தரகர் மாதிரி ஒரு நிரல். இதில் பெயர் பெற்றது 'பாப்ஃபைல்'. எழுதியவர் ஜான் கிரஹாம்-கம்மிங். (பால் கிரஹாமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆலன் டூரிங்குக்கு இழைத்த அநீதிக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2009-ல் இயக்கம் நடத்தி, அன்றைய பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்கக் காரணமாக இருந்தவரும் இவர்தான்.) பாப்ஃபைலின் யோசனை அழகானது. அது அதே கணினியில் ஓடும். மடல் மென்பொருளில் பாப் சர்வர் முகவரியாக 127.0.0.1 என்று கொடுக்க வேண்டும், அதாவது 'இந்தக் கணினியேதான்'. பயனர் பெயர் இருக்கும் இடத்தில் உண்மையான சர்வரின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதன் பிறகு பயனர் பெயர். மடல் மென்பொருள் பாப்ஃபைலிடம் கேட்கும், பாப்ஃபைல் சர்வரிடம் வாங்கி, படித்துப் பார்த்து, முத்திரை குத்தி உள்ளே அனுப்பும். குப்பை, நல்லது என்று இரண்டு மட்டுமில்லாமல் எத்தனை 'வாளி' வேண்டுமானாலும் வைக்கலாம். வரி, கிளையண்ட், வங்கி என்று பிரிக்கச் சொன்னாலும் பிரிக்கும். பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு வரவில்லை. எளிய பாஸ்வேர்டை மட்டும் வைத்து உள்ளே போகும் இதுபோன்ற பழைய நிரல்கள் எல்லாப் பெட்டிகளிலும் இன்று வேலை செய்யாது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் அந்த முறையை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. சாதாரண ஹோஸ்டிங் பெட்டி என்றால் முயன்று பார்க்கலாம்.

ஐமேப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. 'ஐஎஸ்பிஜி' என்று ஒரு பைத்தான் நிரல். ஆபீஸில் எங்கோ ஒரு லினக்ஸ் கணினியில் ஓடிக்கொண்டு, ஐமேப் வழியாக வெளியிலிருந்தே பெட்டியைத் திறக்கும், ஒவ்வொரு மடலையும் தன்னிடமுள்ள ஸ்பாம் அசாசினிடம் காட்டும், குப்பை என்றால் சர்வரிலேயே இன்னொரு ஃபோல்டருக்கு மாற்றிவிடும். அதன் பிறகு போனில் பார்த்தாலும் லேப்டாப்பில் பார்த்தாலும் இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும்.

நான்காவது இடம், பலரும் போன வழி: எல்லா மடலையும் ஜிமெயிலுக்கு அனுப்பி அதன் வடிகட்டியைப் பயன்படுத்திக்கொள்வது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. வேறு பெட்டியிலிருந்து பாப் மூலம் அதுவே போய் மடலை எடுத்துவரும் வசதி ரொம்ப நாள் இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வசதிக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக கூகுள் அறிவித்துவிட்டது. பழைய பெட்டியிலிருந்து ஃபார்வர்ட் செய்வதுதான் மிச்சமிருக்கும் வழி. அதிலும் ஒரு சிக்கல். எந்த சர்வரிலிருந்து மடல் வரலாம் என்று அனுப்புபவரின் டொமைன் அறிவித்து வைக்கும் முறைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். நடுவில் ஒரு சர்வர் வாங்கி ஃபார்வர்ட் செய்தால், மடல் அந்தப் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்ததாகத் தெரியும். நல்ல மடலே சந்தேகத்துக்கு ஆளாகலாம்.

ஆடிட்டர் ஆபீஸுக்கு இன்னொரு யோசனையும் வேண்டும். வாடிக்கையாளரின் விவரங்களை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வது 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி தொழில்முறை ஒழுங்கீனம். ஃபார்வர்ட் செய்வதெல்லாம் அந்தக் குற்றம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் கணக்கு விவரங்கள் இன்னும் எத்தனை இடங்களில் போய் உட்காருகின்றன என்று ஒரு முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தக் கணினியில் கற்றுக்கொள்ளும் வடிகட்டிக்கு அந்தக் கேள்வியே எழாது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது

இதன் அடியில் இருப்பது தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் சூத்திரம். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1763-ல் அது அச்சானது. பி.காம். புள்ளியியல் பாடத்தில் நிகழ்தகவு படித்தவர்களுக்குப் புதிதில்லை.

ஒரு சிறிய கணக்கு. ஆடிட்டர் ஆபீஸின் 1,000 குப்பை மடல்களில் 'ரீஃபண்ட்' என்ற சொல் 190-ல் வருகிறது, 1,000 நல்ல மடல்களில் 10-ல் வருகிறது என்று வைத்தால், அந்தச் சொல்லின் மதிப்பெண் 190 / 200 = 0.95. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் மடல் குப்பைதான். ஆனால் அதே மடலில் அவர்களுடைய பழைய கிளையண்ட் ஒருவரின் மில்லின் பெயரும் இருக்கிறது. அதன் மதிப்பெண் 0.10. இரண்டையும் சேர்க்கும் வழி இது: 0.95 × 0.10 = 0.095. எதிர்ப்பக்கம் 0.05 × 0.90 = 0.045. முடிவு 0.095 / (0.095 + 0.045), அதாவது சுமார் 0.68. கிரஹாம் வைத்த எல்லை 0.9. ஆகவே மடல் தப்பித்துவிட்டது. 'மஞ்சள் மண்டி' என்பது போல 0.10 மதிப்பெண் உள்ள இன்னொரு சொல்லும் சேர்ந்தால் முடிவு 0.19-க்கு இறங்கிவிடும்.

மில்லின் பெயரும் மஞ்சள் மண்டியும் உலகத்தில் வேறு எந்த வடிகட்டிக்கும் அர்த்தமில்லாத சொற்கள். இந்த ஆபீஸுக்கு அவைதான் சாட்சி. குப்பை அனுப்புகிறவன் கோடிக்கணக்கான பேருக்கு ஒரே மடலை அனுப்புகிறான். ஈரோட்டு ஆபீஸின் நல்ல சொற்கள் எவை என்று அவனுக்குத் தெரியாது. தனிப்பட்ட வடிகட்டியின் பலம் இதுதான்.

நல்ல மடல் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதில் கிரஹாம் கவனமாக இருந்தார். நல்ல குவியலில் வரும் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக்கொண்டார். மடலில் உள்ள எல்லாச் சொற்களையும் எடுக்காமல், நடுநிலையிலிருந்து மிகவும் விலகி நிற்கும் 15 சொற்களை மட்டும் எடுத்தார். முன்பின் பார்த்திராத சொல்லுக்கு 0.4 கொடுத்தார், அதாவது தெரியாதவரைக் கொஞ்சம் நம்பு. பளிச்சென்ற சிவப்பு எழுத்துக்கான எச்.டி.எம்.எல். நிறக்குறியீடு, ஆபாசச் சொற்களுக்குச் சமமான குப்பை அடையாளமாக வந்ததைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். யாரும் விதி எழுதிச் சொல்லவில்லை, எண்ணிக்கையே கண்டுபிடித்துவிட்டது.

தமிழ் மடலுக்கு ஒரு கூடுதல் விஷயம். பணம், பணத்தை, பணத்துக்கு, பணமாக என்று ஒரே சொல் வேற்றுமை உருபோடு பல வடிவம் எடுக்கும். எண்ணும் நிரலுக்கு அவை எல்லாம் வேறு வேறு சொற்கள். எனவே தமிழில் அதிகம் எழுதிக்கொள்பவர்கள் வடிகட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாடம் சொல்லித் தரவேண்டும்.

பாடம் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. குப்பையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அது எல்லாவற்றையும் குப்பை என்று நினைக்க ஆரம்பித்துவிடும். நல்ல மடல்களையும் நல்லது என்று குறித்துக் காட்ட வேண்டும். இரண்டு குவியலும் ஏறக்குறைய சமமாக இருப்பது உத்தமம். தப்பாகப் பிரித்ததைப் பார்த்தால் உடனே திருத்த வேண்டும், அந்தத் திருத்தம்தான் அதற்கு அடுத்த பாடம். கணினி மாற்றும்போது பயிற்சிக் கோப்பையும் எடுத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்பு.

ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது?

2004 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் பில் கேட்ஸ், இரண்டே வருடத்தில் ஸ்பாம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். அமெரிக்காவில் அதே மாதம் 1-ஆம் தேதி 'கேன்-ஸ்பாம்' சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் குப்பையை நிறுத்தவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள வணிகவியல்தான் உதவும்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'ஸ்டார்ம்' என்ற பாட்நெட்டுக்குள் நுழைந்து கணக்கெடுத்து, 2008-ல் வெளியிட்டார்கள். மருந்து விற்பதாகச் சொல்லும் கிட்டத்தட்ட 35 கோடி மடல்களை 26 நாட்கள் பின்தொடர்ந்தார்கள். வாங்கும் கட்டம் வரைக்கும் போனவர்கள் 28 பேர். அதாவது ஒன்றேகால் கோடி மடலுக்கு ஒரு வாடிக்கையாளர். அந்த 28 பேரும் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தொகை 2,731.88 டாலர்.

எந்த வியாபாரியும் இந்தக் கணக்கைப் பார்த்துக் கடையை மூடிவிடுவார். ஆனால் இங்கே மின்சாரமும் இணைப்பும் வைரஸ் புகுந்த யாரோ ஒருவருடைய கணினியுடையது. படித்து, பிரித்து, அழிக்கும் நேரம் பெறுபவருடையது. செலவு முழுவதும் ஊர்க் கணக்கில், வரவு மட்டும் அவன் கணக்கில். அப்படி இருக்கும்போது 28 பேர் போதும்.

2008 நவம்பர் 11 அன்று சான் ஹோசேயில் இருந்த 'மெக்கோலோ' என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தபோது உலகம் முழுவதும் குப்பை மடல் பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும், மொத்தமாக மடல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. நல்ல காரியம். ஆனால் அவை அனுப்புபவரின் டொமைன் உண்மையா என்று மட்டும்தான் சொல்லும். அவர் நல்லவரா என்று சொல்லாது. மோசடிக்காரனும் டொமைன் வாங்கிக் கையெழுத்துப் போடலாம்.

எது பெரிய நஷ்டம்?

வடிகட்டி செய்யும் தவறு இரண்டு வகை. குப்பையை உள்ளே விடுவது ஒன்று. நல்ல மடலைக் குப்பையில் போடுவது இன்னொன்று. முதல் தவறுக்கு விலை ஒரு கிளிக். இரண்டாவது தவறின் விலை, அந்த மடலில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

ஆடிட்டர் ஆபீஸுக்கு வருமான வரித் துறையின் பெயரில் வரும் மடல்களையே எடுத்துக்கொள்ளலாம். 'உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் போலி மடல்கள் ஏராளம். உண்மையான துறை அறிவிப்புகளும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. இரண்டிலும் அதே சொற்கள்: ரீஃபண்ட், பான், நோட்டீஸ், கடைசி நாள். பதில் தரவேண்டிய தேதி குறித்த ஒரு நோட்டீஸ் குப்பையில் விழுந்து, யாரும் பார்க்காமல் அந்தத் தேதி கடந்துவிட்டால், 'எங்கள் வடிகட்டி ஒதுக்கிவிட்டது' என்ற பதிலை வைத்துக்கொண்டு கிளையண்ட் என்ன செய்வார்? கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்கும் மாணவிக்கும் இதே கதைதான். ஏழு நாளுக்குள் சம்மதம் சொல்லச் சொல்லியிருப்பார்கள், மடல் ஸ்பாம் ஃபோல்டரில் இருக்கும். ஜிமெயிலில் அந்த ஃபோல்டர் 30 நாளுக்கு மேல் எதையும் வைத்திருக்காது.

ஆகவே, 'நூற்றுக்கு 99 குப்பையைப் பிடிக்கும்' என்று பெருமை பேசும் வடிகட்டியிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நல்ல மடலில் எத்தனை பிடித்தாய்? கிரஹாம் தன் வடிகட்டியைப் பற்றிச் சொன்னபோது இரண்டையும் சேர்த்தே சொன்னார்: 1,000 குப்பையில் தப்புவது 5-க்கும் குறைவு, மாட்டிக்கொண்ட நல்ல மடல் பூஜ்யம்.

டிம் பீட்டர்ஸ் உள்ளிட்டவர்கள் எழுதிய 'ஸ்பாம்பேயஸ்' இதற்கு ஒரு நியாயமான வழி கண்டது. நல்லது, குப்பை என்ற இரண்டோடு 'நிச்சயமில்லை' என்று மூன்றாவது பெட்டி வைத்தது. கணக்குக்கே சந்தேகம் இருந்தால் மனிதரிடம் கேட்கும். நூறு குப்பையைத் தினம் புரட்டுவது யாராலும் முடியாது. நிச்சயமில்லாத ஐந்தாறு மடலை டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். இதே ஏற்பாட்டை மற்ற மென்பொருள்களிலும் செய்துகொள்ள முடியும். ஸ்பாம் அசாசின் 5 முதல் 10 புள்ளி கொடுத்ததை ஒரு ஃபோல்டரிலும், 10-க்கு மேல் கொடுத்ததை இன்னொன்றிலும் போடச் சொன்னால் போதும். சின்ன ஃபோல்டரைத் தினமும், பெரியதை வாரம் ஒரு முறை அனுப்புநர் பெயரையும் தலைப்பையும் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். கிளையண்ட்களின் முகவரிகளையும் துறைகளின் முகவரிகளையும் முகவரிப் புத்தகத்தில் ஏற்றிவிடுவது அரைமணி நேர வேலை. ஆனால் அனுப்புநர் பெயரைப் பொய்யாகவும் போடலாம் என்பதால், அப்படி உள்ளே வந்த மடலில் உள்ள சுட்டியை அழுத்தாமல், துறையின் தளத்துக்கு நேராகப் போய்ப் பார்ப்பதே பாதுகாப்பு.

சர்வர் வைத்திருப்பவருக்கு வாசலில் நின்று மறுக்கும் அதிகாரம் இருக்கிறது. இல்லாதவருக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக அவரிடம் இருப்பது, தனக்கு எழுதுகிறவர்கள் யார், எப்படி எழுதுவார்கள் என்ற பழக்கம். 'மேடம்' என்று தொடங்கும் கடிதம் ஒரு ஊரில் மோசடி, இன்னொரு ஊரில் மரியாதை. அந்த வித்தியாசத்தைக் கணினிக்குச் சொல்லித்தர ஒரு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.